விண்மீன் திரள்களின் குழுக்களும் கொத்துகளும்

விண்மீன் திரள்கள் பெரும்பாலும் தனித்து இருப்பதில்லை. ஈர்ப்பால் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு கூட்டமாகவே இருக்கின்றன. சில பத்துத் திரள்கள் சேர்ந்தால் அது குழு. நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ திரண்டால் கொத்து. பல கொத்துகள் தொடர்ந்து அமைந்தால் பெருங்கொத்து. சூரியன் இருக்கும் பால்வெளியும், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமீடாவும் ‘உள்ளூர்க் குழு’வின் இரு பெரிய உறுப்பினர்கள். சுமார் 1 கோடி ஒளியாண்டு அகலமுள்ள இக்குழுவில் மற்றவை பெரும்பாலும் குறுந்திரள்களே.

இந்தக் கூட்டங்கள் முதலில் கண்ணில் பட்டது வேறொன்றைத் தேடும்போதுதான். வால்மீன் தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியே, வால்மீனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மங்கலான திட்டுகளைப் பட்டியலிட்டு வந்தார். அவை கன்னி ராசிப் பக்கம் நெருக்கமாகக் கிடப்பதை 1781-இல் குறித்துவைத்தார். அந்தத் திட்டுகள் பால்வெளிக்கு வெளியே உள்ள தனித் திரள்கள் என்று நிறுவ 1920-களில் எட்வின் ஹபிள் வர வேண்டியிருந்தது. உள்ளூர்க் குழுவுக்கு அப்பெயரை 1936-இல் வழங்கியவரும் அவரே.

திருப்பம் 1933-இல் நேர்ந்தது. 30 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள கோமா கொத்தில் திரள்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டுமே இருந்தால் அந்த வேகத்துக்குக் கொத்து எப்போதோ சிதறியிருக்கும். ஆனால் அது சிதறவில்லை. ஒளிராத பொருள் ஏதோ ஒன்று அதைக் கட்டிப்பிடித்திருக்கிறது என்றார் அவர். இன்று கரும்பொருள் எனப்படுவது அதுதான். ஸ்விக்கியின் எண்கள் பிற்காலத்தில் வெகுவாகத் திருத்தப்பட்டன. முடிவு மட்டும் நின்றது.

தமிழ்நாட்டில் இத்துறையோடு நேரடித் தொடர்புள்ள இடம் ஜவ்வாது மலை. கொடைக்கானல் வானாய்வகத்துக்கு 1960-இல் இயக்குநரான வைணு பாப்பு, இரவு வானத்தை ஆராயத் தென்னிந்தியாவில் தகுந்த இடம் தேடினார். அம்மலையின் சந்தன மரக் காடுகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூர் தேர்வாயிற்று. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவின் பெருங்கனவான 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1982-இல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வானாய்வகத்துக்கும் அத்தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

திரள்கொத்துகளைப் பார்க்கக் காவலூரின் இருப்பிடமே ஒரு பேறு. அது வடக்கு அட்சரேகை 12½ பாகையில் இருக்கிறது. மெசியே குறித்த கன்னிக் கொத்தின் நடுவில் வீற்றிருக்கும் எம் 87 என்னும் ராட்சதத் திரளும் வானத்தில் ஏறக்குறைய அதே பாகையில்தான் உள்ளது. அதனால் பங்குனி நள்ளிரவில், உத்திர நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே, அந்தக் கொத்து காவலூரின் உச்சிவானைக் கடக்கிறது. உச்சியில் உள்ள பொருளின் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்தே கண்ணாடியை அடையும். 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்களோடு இருக்கும் இதுவே நமக்கு மிக அருகிலுள்ள பெரிய கொத்து. 2019-இல் உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படம் எம் 87-இன் மையத்தில் உள்ள கருந்துளையினுடையதுதான்.

தெற்கு வானமும் காவலூருக்கு எட்டுகிறது. 1987-இல் பெரிய மெகல்லன் மேகம் என்ற, பால்வெளியின் துணைத்திரளில் ஒரு விண்மீன் வெடித்தது. காவலூரிலிருந்து பார்த்தால் அத்திரள் தொடுவானத்துக்கு மேல் 8 பாகைதான் எழும். அந்தச் சிறு இடைவெளியிலேயே அதன் நிறமாலையைப் பதிவுசெய்தார்கள். 1993-இல் வடக்கே, 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 81 திரளில் மற்றொன்று வெடித்தபோது, டி. பி. பிரபுவும் உடன் பணியாற்றியோரும் அதையும் காவலூரிலிருந்து ஆராய்ந்தார்கள். எம் 81 தன் பெயரிலேயே ஒரு குழுவை நடத்துகிறது. சாதாரணப் படத்தில் அதுவும் அண்டைத் திரளான எம் 82-வும் தனித்தனியாகத் தெரியும். ரேடியோ அலையில் பார்த்தாலோ, அவற்றுக்கிடையே ஹைட்ரஜன் வாயு பாலம் போல் நீண்டு கிடக்கிறது. பழைய நெருக்கத்தில் ஒன்று மற்றதிலிருந்து இழுத்த வாயு அது. அந்த உரசலின் விளைவாகவே எம் 82-வில் விண்மீன்கள் அசுர வேகத்தில் பிறக்கின்றன.

குழுவில் உள்ள சிறிய திரள்கள் ஏன் பெரியவற்றில் போய் விழுகின்றன? இதற்கான கணக்கைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் எழுதினார். கனமான பொருள் ஒன்று விண்மீன்களுக்கிடையே செல்லும்போது, அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் அதற்குப் பின்னே திரளும். அந்தத் திரட்சி அதைப் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கும். ‘இயக்க உராய்வு’ எனப்படும் இவ்விளைவை அவர் தனி விண்மீன்களுக்காகவே ஆராய்ந்தார். இன்று மெகல்லன் மேகங்களின் எதிர்காலத்தையும், கொத்து நடுவிலுள்ள திரள்கள் மற்றவற்றை விழுங்கிப் பெருப்பதையும் கணிக்க அதுவே அடிப்படை.

கொத்துகளில் திரள்களைவிட வாயுவே அதிகம். கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் எக்ஸ் கதிரை உமிழும் அந்த வாயுவின் நிறை, எல்லா விண்மீன்களின் நிறையையும்விடப் பல மடங்கு. அதற்குள் பாயும் திரள் தன் சொந்த வாயுவை இழக்கும். ஏபெல் 85 கொத்துக்குள் விழுந்துகொண்டிருக்கும் ஜேஓ 201 அத்தகையது. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய புற ஊதாத் தொலைநோக்கி, 2015-இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் சென்றது. ஜேஓ 201-இலிருந்து உரித்தெடுக்கப்பட்ட வாயுவிலும் புது விண்மீன்கள் பிறப்பதை அத்தொலைநோக்கி காட்டியது.

கொத்தின் எடையை அறிய இன்னொரு வழி ஒளியின் வளைவு. பின்னாலுள்ள திரள்களின் ஒளி கொத்தைக் கடக்கும்போது வில் வில்லாக வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு கரும்பொருள் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று வரைபடம் போடலாம். கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன் இதில் முன்னோடி. அவரும் பங்கேற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு, கொத்துகளுக்குள் உள்ள சிறு கட்டிகள் கணினிக் கணிப்பைவிடச் சுமார் பத்து மடங்கு வலுவாக ஒளியை வளைப்பதைக் கண்டது. கரும்பொருளைப் பற்றிய நம் புரிதலில் ஏதோ விடுபட்டிருக்கலாம் என்பது அதன் பொருள்.

2017-இல் இந்திய ஆய்வாளர்கள் 400 கோடி ஒளியாண்டு தொலைவில் 43 கொத்துகள் கொண்ட ‘சரஸ்வதி’ பெருங்கொத்தைக் கண்டறிந்தார்கள். அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 200 கோடி கோடி மடங்கு.

இத்தனை தொலைவிலிருந்து வரும் ஒளி மிக மங்கலானது. அதைப் பிடிக்க இருண்ட வானம் வேண்டும். பெருகும் ஊர் விளக்குகள் காவலூர் போன்ற இடங்களின் இருளை அரித்து வருகின்றன. மேல்நோக்கி வீணாகும் வெளிச்சத்தை மறைப்பிட்டுக் கீழே திருப்புவது செலவு குறைந்த வேலை. ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் நகராட்சிகளும் அதை இப்போதே செய்ய வேண்டும்.