தண்டவாளமும் சேரியும்: தாம்பரம் தடத்தில் ஒரு மனைநில வரலாறு



புறநகர் வளரும்போது ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்பது நகரத் திட்டமிடலில் பழைய பாடம். கோபன்ஹேகன் 1947இலேயே ஐந்து விரல்களைப் போல ரயில் தடங்களை நீட்டி, அவற்றின் மேல் புறநகரை வளர்க்கத் திட்டமிட்டது. அந்தப் பாடத்தோடு நமக்குச் சண்டை இல்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: நிலையத்துக்குப் பக்கத்தில் யாருக்கு வீடு, யாருக்கு வெளியேற்றம்?

இந்தக் கேள்வி தண்டவாளத்தில் தொடங்கவில்லை, மனையில் தொடங்குகிறது. தாம்பரமும் பல்லாவரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை, சேரி மக்கள் குடியிருந்த மனையைக்கூட மிராசுதாரர் தமது உடைமை என்று சொன்னதைப் பதிவு செய்தது. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். மனை கையில் இல்லாததால் படியாள் படியாளாகவே இருந்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த ஆணையின் வழி வந்ததே பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக, 1994 அக்டோபர் 10 அன்று இதே மாவட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நூறாண்டு கடந்தும் கோரிக்கை மாறவில்லை.

மனைக்கு அடுத்தது பாதை. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். ஏழு ஆண்டுகளில், 1931இல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு அடுத்து இந்தியாவில் இங்குதான் மின்சாரப் புறநகர் ரயில் வந்தது. சீட்டு வாங்கியவர் ஏறலாம். தெருவில் இருந்த தடை பெட்டிக்குள் எழுதப்படவில்லை. நகரத்தில் கூலியைக் காசாக வாங்கி, ஊரின் பிடியிலிருந்து விலக அந்தப் பாதை ஒரு வாசல்.

ஆனால் பாதையை ஒட்டிய மனை யாருக்குப் போயிற்று? மாம்பலம் நிலையத்தருகே 1920களில் அரசு வகுத்த தியாகராய நகர், மனை வாங்க வசதி உள்ளவர்களின் நகரமாயிற்று. குரோம்பேட்டை தன் பெயரையே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து பெற்றது. தோல் ஊறிய தொட்டியில் கை நனைத்தவர்களில் நம் மக்கள் இருந்தார்கள். நிலையம் வந்ததும் மனை விலை ஏறியது. உழைத்தவர்கள் ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டார்கள். பட்டா இல்லாத அந்தக் குடியிருப்புக்குப் பிற்காலத்தில் வைத்த பெயர் 'ஆக்கிரமிப்பு'.

2000க்குப் பிறகு அந்தப் பெயரின் விளைவைப் பார்த்தோம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுபோகப்பட்டன. அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பக்கிங்காம் கால்வாயின் மேல் பறக்கும் ரயில் வந்தது, 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் நடந்து போகும் தூரத்தில் ஒரு ரயில் நிலையம் இல்லை.

வீடு கான்கிரீட்டாக மாறியது, வேலை தொலைந்தது. விடியற்காலையில் மயிலாப்பூரில் பாத்திரம் துலக்கப் போன பெண்ணுக்கு இப்போது வழியிலேயே காலை கழிகிறது. பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது நல்ல ஆறுதல்தான். ஆனால் போய்வரும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. ஊருக்கு வெளியே சேரி வைத்த பழைய வழக்கம், நகருக்கு வெளியே குடியிருப்பு என்று புது உரு எடுத்திருக்கிறது.

ஒப்பிட ஓர் அண்மைச் சான்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ரயில் நிலையம் இல்லாமலே திறக்கப்பட்டது. பயணிகள் கொதித்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின, நிலையம் கட்டும் வேலை தொடங்கியது. அது நியாயமான கோபம். கண்ணகி நகரில் அதே குறை இருபது ஆண்டு இருந்தபோது அந்தக் கோபம் எங்கே போயிற்று?

2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2022இல் அதன் மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பதவியில் இடம் கிடைத்தது. நிலத்தில் இடம் கேட்கும் வேலை பாக்கி இருக்கிறது. நிலையங்களைச் சுற்றி மாடிகள் உயர அனுமதி தரும்போது, அதில் ஒரு பங்கு உழைக்கும் மக்களின் வாடகை வீடாகட்டும். ரயில் வராத இடத்துக்கு யாரையும் அப்புறப்படுத்தாதிருக்கட்டும்.

மாணவர்களுக்கு நம் வேண்டுகோள்: பரங்கிமலை முதல் செங்கல்பட்டு வரை நிலையம் நிலையமாக நிலப் பதிவேடுகளைப் பாருங்கள். எது பஞ்சமி, எது நத்தம், யார் பெயரில் இருந்து யார் பெயருக்கு மாறியது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், அடுத்த திட்டக் கூட்டத்தில் நம்மை ஆக்கிரமிப்பாளர் என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.