கிருபையும் நீதியும்: ஜான் ரால்ஸ் சிந்தனையின் வேதாகம வேர்

இந்த நூற்றாண்டு மலரில் சபையின் சரித்திரத்தை மூத்தோர் எழுதுகின்றனர். நான் கற்ற அரசியல் தத்துவத்திலிருந்து ஒரு சிறு காணிக்கை படைக்கிறேன்.

ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' என்னும் நூலை ஒட்டியோ வெட்டியோ பேசாத அரசியல் தத்துவர் இன்று அரிது. அறியாமைத் திரை (சமூகத்தில் தம் இடம் எதுவென்று அறியாதவர்களாய் நின்று விதிகளைத் தேர்வது), சம சுதந்திரம், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைநிலையில் உள்ளோருக்கு நன்மை தரவேண்டும் என்ற விதி ஆகியவை கல்லூரி மாணவரும் அறிந்தவை. அவற்றின் அடியில் இருக்கும் எண்ணமே என் பொருள்: பிறவித் திறமையும் பிறந்த குடும்பமும் எவரும் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல.

ஊற்றுக்கண்

1942-இல் பிரின்ஸ்டனில் இளம் ரால்ஸ் எழுதிய ஆய்வேடு பாவத்தையும் விசுவாசத்தையும் பற்றியது. எபிஸ்கோபல் சபையில் குருத்துவக் கல்வி பெற எண்ணியிருந்த அவர், தேவனுக்கு முன்பாக மனிதன் தன் தகுதியைக் காட்டி நிற்க முடியாது என்று அதில் வாதிட்டார். பின் பசிபிக் போர்முனைக்குச் சென்றார். நண்பரின் மரணமும் யூதப் படுகொலையும் அவர் விசுவாசத்தைக் குலைத்தன. 1997-இல் தம் சமயம் பற்றி எழுதிய கட்டுரையில் அவரே இதைச் சொல்கிறார். விசுவாசம் அகன்றது, தகுதியை மறுத்த எண்ணம் அகலவில்லை. அதுவே நீதிக் கோட்பாடாக மறுவடிவம் பெற்றது என்பது என் துணிபு. அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 2009-இல் ஆய்வேடு அச்சேறியபின் இத்துணிபு உறுதிப்பட்டது.

இவ்வெண்ணத்தின் வேரைக் காண மத்தேயு 20-ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். பதினோராம் மணி வேளையில் வந்த கூலியாளுக்கும் திராட்சத்தோட்டத்து எஜமான் முழுக்கூலி கொடுத்தார். பகலெல்லாம் வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுத்தார்கள். நம்மிடம் உள்ளதெல்லாம் வாங்கிக்கொண்டதே, மேன்மைபாராட்ட இடமேது என்று பவுல் கொரிந்தியரை இடித்துரைத்தார். மனிதன் தன் முயற்சியாலேயே நீதிமானாகலாம் என்ற பெலேஜியஸை எதிர்த்து அகஸ்டின் நிலைநாட்டியதும் இதையே. உவமையில் எஜமானின் தயவாக இருப்பது ரால்ஸிடம் குடிமக்கள் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகிறது.

ரால்ஸுக்கு மறுப்பும் எழுந்தது: நேர்மையாக ஈட்டியதை வறியோருக்கென்றாலும் அரசு பறிக்கலாகாது என்றார் ராபர்ட் நோசிக் (1974). 1982-இல் ரால்ஸை மறுத்த மைக்கேல் சாண்டலோ, 2020-இல் தகுதியின் கொடுங்கோன்மையைச் சாடியபோது அகஸ்டின்–பெலேஜியஸ் வாதத்திற்கே போனார்.

நமக்கு

நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களுக்காகவும் பதவிகளுக்காகவும் துதி செலுத்துவோம்; அவற்றை நம் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுதாதிருப்போம். தேர்வில் தவறிய பிள்ளைக்கும் கூலிவேலை செய்யும் சகோதரருக்கும் சபையின் பள்ளியிலும் கமிட்டியிலும் சம இடம் கொடுப்போம். கர்த்தருடைய நாமத்துக்கே மகிமை!