கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை



ஸ்கேன் பார்த்தவர்கள் "குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது" என்று சொன்னதும் வீடே கலங்கிப் போகிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி போனில், "மூச்சு முட்டிவிடுமா சார்?" என்று கேட்டாள். அவள் மாமியாருக்கோ வேறு கவலை: "மாமனுக்கு ஆகாதாமே?" நான் வரலாற்று வாத்தியார், டாக்டர் இல்லை. ஆனால் இந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம் மதுரைப் பக்கம் பழைய நம்பிக்கை. கிண்ணத்து நல்லெண்ணெயில் பிள்ளையின் முகத்தை நிழலாகப் பார்த்த பிறகே மாமன் நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள். மடியில் உட்கார வைத்துக் காது குத்துபவர், சீர் செய்பவர் மாமன்தான். அந்த உறவின் மேலேயே பயத்தை ஏற்றிவிட்டார்கள். இதனால் வருடக்கணக்கில் தங்கை வீட்டுப் படி ஏறாத அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். எந்தப் பாவமும் அறியாத அந்தத் தாய்தான் அழுதாள்.

பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் எழுந்த கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் மருத்துவ நூல்களிலும் கழுத்தைச் சுற்றும் கொடி ஓர் ஆபத்தாகவே வருகிறது.

அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டில், மருத்துவச்சியின் கையில். தலை வெளியே வந்ததும் விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்து, கொடி இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார்கள். இன்று லேபர் வார்டில் நர்ஸ் செய்வதும் பெரும்பாலும் அதுதான். மதுரைக்கு அமெரிக்க மிஷனின் பெண் டாக்டர் பாலின் ரூட் 1885இல் வந்தார். ஹாரியட் பார்க்கர் 1895இல் வந்தார். மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இல் வந்தது. நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் எர்ஸ்கின் மருத்துவமனை 1940இலும், மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும் வந்தன. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, பயம் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

இப்போது மூச்சு முட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை வழியாக மூச்சு கிடையாது. ஆக்சிஜன் கொடி வழியாகத்தான் போகிறது. ஆகவே தூக்குக் கயிறு மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். கொடி சுமார் 50 சென்டிமீட்டர் நீளம். உள்ளே மூன்று ரத்தக் குழாய்கள். அவை எளிதில் நசுங்காதபடி சுற்றிலும் வழவழப்பான கூழ் இருக்கிறது. அதை 1656இல் விவரித்த தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேயர் பெயரால் வார்ட்டன் ஜெல்லி என்கிறார்கள். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தில் இருக்கும். குழந்தை புரளப் புரளச் சுற்றும், தானே அவிழ்வதும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

ஆபத்து அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். பல சுற்று இறுக்கமாக விழுந்தால், வலி வரும்போது கொடி நசுங்கி இதயத் துடிப்பு குறையலாம். பிள்ளை சோர்ந்து பிறக்கலாம். மிக அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றில் காது வைத்துத் துடிப்பைக் கேட்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கண்டுகொண்டார்கள். இன்றும் பிரசவ நேரத்தில் அந்தத் துடிப்பைத்தான் கவனிக்கிறார்கள். கொடி சுற்றியிருப்பது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது.

ஆகவே கர்ப்பிணிப் பெண்களே, பிள்ளையின் அசைவு குறைந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமன்மாரே, எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு முதல் நாளே போய்ப் பிள்ளையைப் பாருங்கள். பெற்றவளுக்கு அந்த நேரம் அண்ணன் தம்பி முகம்தான் தெம்பு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்