மின்மடலின் இலக்கணம்

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பிய பின்னர், அனுப்பியவர் யார், தேதி யாது, விஷயம் என்ன என்பவற்றை ஒவ்வொரு நிலையத்தாரும் தத்தம் மனம்போன போக்கில் எழுதிவந்தமையால், நிரல்கள் அவற்றைப் பகுத்தறிவதற்கு ஒரு பொது நியமம் காணும் பிரயத்தனம் 1973-இல் தொடங்கி, 1982-இல் டேவிட் க்ராக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 822 என்னும் ஆவணத்தில் நிலைபெற்றது.

மடலின் தலைப்பில் வரும் ஒவ்வொரு விவரத்திற்கும் முதலில் பெயர், அடுத்து முக்காற்புள்ளி, பின்னர் அதற்குரிய செய்தி. இடைவெளியுடன் தொடங்கும் வரி முந்தியதன் தொடர்ச்சி. வெற்றுவரி வந்ததும் தலைப்பு முடிந்து மடலின் சரீரம் ஆரம்பம் என்பதே அவ்வாவணத்தின் சாரம். யூனிக்ஸ் இயங்குதளத்திலோ, பல மடல்களை ஒரே கோப்பில் சேர்த்து, 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியையே புதுமடலின் அடையாளமாகக் கொண்டதால், மடலுக்குள் அவ்வாறு ஒரு வரி யதேச்சையாக நேர்ந்தால், அதன் முன் ஒரு கோணக்குறி இடும் உபாயம் வழக்கில் வந்தது.

ஆங்கில எழுத்துக்களை மட்டுமே கருதி எழுந்த அவ்வமைப்பில் பிறமொழிகளும் இணைப்புக் கோப்புகளும் புகுவதற்கு 1992-இல் மைம் என்னும் விரிவாக்க முறை வழிசெய்தது. புதுமையைப் புகுத்தும்போதும் பழைய நிரல்களை முடக்காது காத்த அந்த விவேகமே, நாற்பது ஆண்டு கடந்தும் இந்நியமம் ஜீவித்திருப்பதற்குப் பிரதான காரணம்.