பிரித்து வைத்த நெருப்பு

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். உள்ளே, புள்ளிமான்கள் மேயும் நிழலருகே, ஆர்தர் வெலஸ்லியின் பெயரால் அழைக்கப்படும் பழைய வீடொன்று உண்டு. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் இவரே. 1800ஆம் ஆண்டின் இறுதியில் படையொன்றைத் திரட்ட இங்கு வந்த அவர், 1801 பெப்ரவரியில் பம்பாய்க்குக் கப்பலேறினார்.

அதற்கு முன், 1799 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு, சீரங்கப்பட்டணத்தின் அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் அவர் தோல்வி கண்டிருந்தார். இருளில் திப்பு சுல்தானின் வீரர்கள் துப்பாக்கிகளாலும் ரொக்கெட்டுகளாலும் அவரது படையைச் சிதறடித்தனர். இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த அந்த ரொக்கெட்டுகளே பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் கொங்கிரீவின் ஆக்கங்களுக்கு வழிகாட்டின.

வெடிமருந்தில், எரியும் கரியும் கந்தகமும், எரிவதற்கான ஒட்சிசனைத் தரும் வெடியுப்பும் ஒன்றாகவே கலந்திருக்கும். கிடங்கை அழிக்க ஒரு பொறி போதும். பற்றவைத்தபின் அணைக்க வழியில்லை. இக்குணம் இன்றைய திண்ம எரிபொருள் ரொக்கெட்டுகளுக்கும் உண்டு.

எரிபொருள் தனித்திருந்தால் என்னவாகும் என்பதற்கும் இதே துறைமுகம் சாட்சி. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களுள் 99 இன்றும் உள்ளன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் தாக்கியபோது விமானமொன்று குதமொன்றின்மீது வீழ்ந்தது. அக்குதம் நாட்கணக்கில் எரிந்தது. ஆயினும் குதத்தொகுதி முழுவதும் அழிந்துவிடவில்லை. காற்று தொடும் மேற்பரப்பில் மட்டுமே எண்ணெய் எரியும். அங்கே வெடிமருந்து நிரம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஹைபிரிட் எனப்படும் கலப்பு ரொக்கெட் இயந்திரத்தின் அடிப்படையும் இந்தப் பிரிவினையே. இறப்பர் போன்ற திண்ம எரிபொருள் ஒரு கூட்டில். ஒட்சிசன் தரும் திரவமோ வாயுவோ வேறொரு தாங்கியில். வால்வைத் திறந்தால் எரியும்; குறைத்தால் தணியும்; மூடினால் அணையும். எரிபொருளில் வெடிப்பு விழுந்தாலும், திண்ம ரொக்கெட்டில் போல அது பேராபத்தாவது அரிது. இரு திரவங்களைக் கையாளும் ரொக்கெட்டைவிடக் குழாய்களும் செலவும் குறைவு. 1933இல் சோவியத் பொறியியலாளர்கள் களியாக்கிய பெற்றோலையும் திரவ ஒட்சிசனையும் கொண்டு இவ்வகை ரொக்கெட்டை ஏவினர். 2004இல் தனியார் விண்கலமான ஸ்பேஸ்சிப்வன், இறப்பரையும் நைதரசு ஒட்சைட்டையும் கொண்டு மனிதரை விண்வெளி விளிம்புக்கு இட்டுச்சென்றது.

குறைகளும் உண்டு. எரிபொருள் மெதுவாகவே எரிவதால் பெரும் உந்துவிசையைப் பெறுவது கடினம். 2007இல் கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் நைதரசு ஒட்சைட் சோதனையின்போது வெடிப்பு நிகழ்ந்து மூவர் மாண்டனர். அப்போது இயந்திரம் பற்றவைக்கப்படவே இல்லை. பிரித்து வைத்தல் ஆபத்தைக் குறைக்கும், விழிப்புக்கு ஈடாகாது.

என் பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதியில் ரொக்கெட் என்ற சொல்லை ஷெல், குண்டு என்பவற்றின் வரிசையிலேயே எழுதிவந்தேன். 2023 பெப்ரவரி 19ஆம் திகதி, மாமல்லபுரத்தை அடுத்த பட்டிப்புலத்திலிருந்து, பள்ளி மாணவர் உருவாக்கிய 150 சிறு செயற்கைக்கோள்களுடன் ஒரு கலப்பு ரொக்கெட் எழுந்தது. அச்செய்தியை இருமுறை வாசித்தேன். பிள்ளைகளின் உழைப்பைச் சுமந்து செல்லும் பொருளாக அச்சொல்லை நான் முதன்முதலில் உணர்ந்தது அன்றுதான்.