சிற்றில், நண்டு, சிறுதேர்

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் வெட்டாறு, வயல்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை நாகூரில் கடலில் சேர்க்கிறது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆற்றுத் தண்ணீர், நடுவே மணல். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த மாதிரிக் கழிமுகத்தில் ஆடிய ஆட்டத்துக்குப் பழைய சான்று உண்டு. நாகூருக்கு வடக்கே, கரையோரமாக ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கிறது காவிரிப்பூம்பட்டினம். அந்த ஊரைப் பாடும் 301 அடிப் பட்டினப்பாலையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் சுங்கத்தையும் பொதிகளையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மீன்பிடிக்கப் போகாத நாளில் பரதவர் கடலாடுகிறார்கள், உப்புப் போக ஆற்றில் முழுகுகிறார்கள், நண்டை விரட்டுகிறார்கள், அலையில் குதிக்கிறார்கள். இத்தனையும் செய்பவர்கள் வளர்ந்தவர்கள்!

நண்டு பிடிப்பது லேசான காரியமில்லை. கால் அரவம் கேட்டதும் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறைந்துவிடும். வெறுமனே தோண்டினால் வளை இடிந்து வழி தெரியாமல் போகும். அதனால் காய்ந்த வெள்ளை மணலை முதலில் உள்ளே கொட்டி, ஈர மணலுக்குள் தெரியும் அந்த வெளிர்த் தடத்தைப் பிடித்தபடியே தோண்ட வேண்டும். நண்டு அலுத்துப்போனால் ராவணன் மீசை இருக்கிறது. காய்ந்த முள்பந்து காற்றில் உருள ஆரம்பித்தால் அதை எட்டிப் பிடிப்பது பெரும்பாடு. பிடித்தால் கையில் குத்தும்.

பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய சிற்றிலுக்கு இலக்கியத்தில் தனி இடமே கிடைத்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். கட்டிய வீட்டைக் காலால் அழிக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதுதான் சிற்றில் பருவம். முருகனுக்குப் பாடிய இந்த வகையை முஸ்லிம் புலவர்கள் நபிகள் நாயகத்துக்கும் பாடினார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிறகு மீனவர் குடியிருப்புகள் பல கரையை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்டன. வாசலிலேயே இருந்த மணல் நடந்து போகும் தூரமானது.

சிறுதேர் விஷயம் வேறு. பட்டினப்பாலையில், நெல்லைக் கொத்த வந்த கோழி மேல் பெண்கள் வீசிய பொற்குழை, பிள்ளைகளின் முக்காற் சிறுதேரை வழிமறிக்கிறது. புலவர் ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்தார். தேர் உருட்டிய பிள்ளைக்கு அந்தப் பொன் வெறும் இடைஞ்சல்தான். டெல்டாவில் ஆடிப்பெருக்குக்குச் சிறுவர்கள் இழுக்கும் சப்பரத்தை அந்தத் தேரின் பேரப்பிள்ளை என்று சொல்லத் தோன்றுகிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷங்களில் பெரியவர்கள் குழாயடியில் படையல் போட்டுச் சமாளிப்பார்கள். சப்பரத்துக்கு அந்தக் கவலை இல்லை, தெருப் புழுதியிலேயே ஓடும்.