பலாவ் தோற்ற இடத்தில் வனுவாட்டு வென்றது ஏன்?

காலநிலை மாற்றம் குறித்துப் பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 2011 செப்டம்பரில் பலாவ் என்ற சிறு தீவு நாடு அதை ஐ.நா. பொதுச்சபையில் முன்வைத்தது. பெருநாடுகளின் எதிர்ப்புக்கு முன் அம்முயற்சி தீர்மானமாகவே உருப்பெறவில்லை. அதே கோரிக்கையை வனுவாட்டு கொண்டுவந்தபோது 132 நாடுகள் உடன் முன்மொழிந்தன. 2023 மார்ச் 29 அன்று வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. இடையில் பாரிஸ் உடன்படிக்கை வந்தது, அறிவியல் சான்றும் வலுப்பெற்றது. இவை மட்டுமே இந்த மாற்றத்தை விளக்கிவிடா. எல்லை கடந்த இளைஞர் கூட்டணி ஒன்று பின்னால் நின்றதே முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

2019இல் வனுவாட்டுவில் தென்பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 27 பேர் இதைத் தொடங்கினர். பசிபிக் தீவுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினர். பிற கண்டங்களின் இளைஞர்களும் சேர்ந்து உலகக் கூட்டமைப்பு உருவானது. 2021இல் வனுவாட்டு அரசு கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்டது.

முந்தைய கூட்டணிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 2002ஆம் ஆண்டின் பாலி கோட்பாடுகளும் 2010இல் பொலிவியாவின் கொச்சபம்பாவில் கூடிய மக்கள் மாநாடும் காலநிலை நீதிக்கு அகன்ற அறத்தளம் அமைத்தன. அந்தக் கடனை மறக்கலாகாது. ஆனால் கொச்சபம்பா, காலநிலைக் குற்றங்களை விசாரிக்கப் புதிய தீர்ப்பாயம் கேட்டது. மாணவர்களோ இருக்கும் நீதிமன்றத்திடமே இரண்டு கேள்விகளை வைக்கச் செய்தனர்: அரசுகளின் கடமைகள் என்ன? பெருந்தீங்கு விளைவித்த அரசுகளுக்கு நேரும் சட்ட விளைவுகள் என்ன? இரண்டாம் கேள்வியில்தான் கூர்மை இருந்தது.

தீர்மானத்தை வரைந்தது 18 நாடுகள் கொண்ட குழு. வெற்றி தூதர்களுடையதே என்று வாதிடலாம். அப்பணி பெரிதுதான். எனினும் பலாவுக்கும் தூதர்கள் இருந்தார்கள். பல நாட்டுத் தலைநகரங்களில் தம் அரசை நோக்கிக் கேட்கும் குடிமக்கள்தான் அன்று இல்லை.

2024 டிசம்பரில் ஹேக் நகரில் நடந்த விசாரணையில் 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் வாதிட்டன. மாணவர் அமைப்பின் தலைவர் சிந்தியா ஹூனியூஹி, கடல் விழுங்கிவரும் தம் மக்களின் ஃபனாலே தீவைப் பற்றி நீதிபதிகளிடம் நேரில் பேசினார். 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது. காலநிலை ஒப்பந்தங்களோடு வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டமும் அரசுகளைப் பிணைக்கும். புதைபடிவ எரிபொருளுக்கு உரிமமும் மானியமும் வழங்குவதுகூடச் சட்டமீறலாகலாம். தீங்குக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால் முழு இழப்பீடு கோரலாம். இக்கருத்து எவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்களில் அதை மேற்கோள் காட்டத் தடையில்லை.

இங்கே நம் பொறுப்பு வருகிறது. வளர்ந்த நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பை வலியுறுத்திய இந்தியா, இருக்கும் ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமைகளை உருவாக்க வேண்டாம் என்றும் ஹேக்கில் வாதிட்டது. முதல் வாதம் நியாயம். இரண்டாவது, சூடேறும் கடலோடு வாழும் நம் மீனவர்களுக்கே எதிரானது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை 2024இல் நம் உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் கண்டது. அந்தத் தீர்ப்பையும் ஹேக் கருத்தையும் ஒருங்கே வைத்து வழக்காடும் பணியை நம் சட்டத்துறையினர் இனியும் தள்ளிப்போடக் கூடாது.